வழக்கில் நியாயம் இருந்தும் தள்ளுபடி: பணியிட வழக்குகளை ‘அதிகார வரம்பு’ முடக்குவது எப்படி?

புதுடெல்லி: ஊதியத் தேக்கம், பதவி உயர்வு மறுப்பு, ஊதிய திருத்த நிலுவை உள்ளிட்ட குறைகளை முன்வைத்து ஏர் இந்தியா ஊழியர்கள் சிலர் 2011 முதல் 2013 வரையிலான காலத்தில் மும்பை உயர் நீதிமன்றத்தில் ரிட் மனுக்களைத் தாக்கல் செய்தனர். அப்போது ஏர் இந்தியா மத்திய அரசுக்குச் சொந்தமான நிறுவனமாக இருந்தது. மனுக்கள் நிலுவையில் இருந்தபோதே, 2022 ஜனவரி 27 அன்று அந்த நிறுவனம் டாடா குழுமத்தின் வசம் சென்றது. தனியார் நிறுவனமாகிவிட்ட ஏர் இந்தியாவுக்கு எதிராக இனி ரிட் ஆணை பிறப்பிக்க இயலாது என்று கூறி, உயர் நீதிமன்றம் அதே ஆண்டு செப்டம்பரில் மனுக்களை முடித்துவைத்தது. நீதிபதிகள் பி.ஆர்.கவாய், சந்தீப் மேத்தா ஆகியோர் அடங்கிய உச்ச நீதிமன்ற அமர்வு, 2024 மே 16 அன்று இந்த முடிவை உறுதி செய்தது.

முதல் மனு தாக்கலாகி ஏறத்தாழ 13 ஆண்டுகள் கழிந்த பிறகும், அந்த ஊழியர்களுக்கு நிலுவைத் தொகை சேர வேண்டுமா, வேண்டாமா என்ற கேள்விக்கு விடை கிடைக்கவில்லை. எந்த நீதிமன்றமும் அந்தக் கேள்விக்குள் செல்லவே இல்லை. உரிய மன்றத்தை அணுகலாம் என்ற அறிவுறுத்தல் மட்டுமே அவர்களுக்குக் கிடைத்தது.

பணிநீக்கம், ஊதியம், பணிக்கொடை, இடமாற்றம் எனப் பணியிடம் சார்ந்த வழக்குகள் ‘அதிகார வரம்பு இல்லை’ என்ற ஒரே காரணத்துக்காகத் தள்ளுபடியாவது இந்திய நீதிமன்றங்களில் புதிதல்ல. இத்தகைய தள்ளுபடி, ஊழியரின் கோரிக்கை தவறு என்று கூறும் தீர்ப்பு அல்ல. ஆயினும் தவறான மன்றத்தில் கழியும் ஆண்டுகள் சரியான மன்றத்தின் காலக்கெடுவைத் தின்றுவிடக்கூடும் என்பதால், நடைமுறையில் அதுவே வழக்கின் முடிவாகவும் மாறிவிடுகிறது. இது ஏன் நேர்கிறது, சட்டம் என்ன சொல்கிறது, நேர்ந்துவிட்டால் என்ன செய்யலாம் என்பது குறித்த விளக்கம் வருமாறு.

அதிகார வரம்பு என்றால் என்ன?

ஒரு வழக்கை விசாரித்து முடிவு கூற நீதிமன்றத்துக்குச் சட்டம் அளித்துள்ள அதிகாரத்தின் எல்லையே அதிகார வரம்பு எனப்படுகிறது. பணியிட வழக்குகளில் இது மூன்று வகைகளில் சிக்கலை ஏற்படுத்துகிறது.

முதலாவது, பொருள் சார்ந்த வரம்பு. குறிப்பிட்ட வகைத் தகராறை விசாரிக்கச் சட்டம் தனி மன்றத்தை அமைத்திருந்தால், மற்ற நீதிமன்றங்கள் அதில் தலையிட இயலாது. இரண்டாவது, தரப்பினர் சார்ந்த வரம்பு. வழக்கு தொடுப்பவர் சட்டத்தின் பார்வையில் ‘தொழிலாளி’யா, அரசு ஊழியரா என்பதும், எதிர்த்தரப்பு அரசா, தனியாரா என்பதும் இதில் அடங்கும். மூன்றாவது, எல்லை சார்ந்த வரம்பு. எந்த ஊரின் நீதிமன்றம் வழக்கை விசாரிக்கலாம் என்பதை இது தீர்மானிக்கிறது.

நிலத் தகராறிலோ கடன் வழக்கிலோ எந்த நீதிமன்றத்துக்குச் செல்வது என்ற குழப்பம் பெரும்பாலும் எழுவதில்லை. பணியிட வழக்குகளில் நிலைமை வேறு. உரிமையியல் நீதிமன்றம், தொழிலாளர் நீதிமன்றம், தொழில் தீர்ப்பாயம், மத்திய நிர்வாகத் தீர்ப்பாயம், மாநில நிர்வாகத் தீர்ப்பாயம், பணிக்கொடைக்கான அதிகாரி, உயர் நீதிமன்றம் என ஒரே நாட்டில் பல கதவுகள் உள்ளன. எந்தக் கதவைத் தட்ட வேண்டும் என்பது கோரிக்கையின் தன்மை, ஊழியரின் வேலை, நிறுவனத்தின் வகை ஆகிய மூன்றையும் பொறுத்தது.

உரிமையியல் நீதிமன்றம் ஏன் மறுக்கிறது?

1908-ஆம் ஆண்டின் உரிமையியல் நடைமுறைச் சட்டத்தின் 9-ஆவது பிரிவு, வெளிப்படையாகவோ மறைமுகமாகவோ தடை செய்யப்பட்டவை தவிர, உரிமையியல் தன்மை கொண்ட அனைத்து வழக்குகளையும் உரிமையியல் நீதிமன்றங்கள் விசாரிக்கலாம் என்கிறது. இதில் உள்ள ‘மறைமுகத் தடை’ என்ற சொல்தான் தொழிலாளர் வழக்குகளில் முக்கியத்துவம் பெற்றது.

மும்பையைச் சேர்ந்த பிரீமியர் ஆட்டோமொபைல்ஸ் நிறுவனம் தொடர்பான வழக்கில் 1975-ஆம் ஆண்டு உச்ச நீதிமன்றம் இதற்கான அடிப்படை விதிகளை வகுத்தது. அதன்படி, தகராறு ‘தொழில் தகராறு’ என்ற வரையறைக்குள் வராவிட்டால் உரிமையியல் நீதிமன்றத்தை அணுகலாம். அது தொழில் தகராறாகவும், அதே வேளையில் பொதுச் சட்டம் வழங்கும் உரிமையிலிருந்து எழுந்ததாகவும் இருந்தால், இரு வழிகளில் ஒன்றை ஊழியர் தேர்ந்தெடுக்கலாம். ஆனால் கோரப்படும் உரிமையே 1947-ஆம் ஆண்டின் தொழில் தகராறுகள் சட்டத்தால் உருவாக்கப்பட்டதாக இருந்தால், அச்சட்டம் காட்டும் வழி மட்டுமே உண்டு.

உரிமையை எந்தச் சட்டம் தந்ததோ, அதற்கான நிவாரணத்தையும் அதே சட்டத்தின் வழியாகவே பெற வேண்டும் என்பதே இதன் சாரம். ஆட்குறைப்புக்கு முன் அறிவிப்பும் இழப்பீடும் தர வேண்டும் என்பது தொழில் தகராறுகள் சட்டம் தந்த உரிமை. அதை மீறியதாகக் கூறி உரிமையியல் நீதிமன்றத்தில் வழக்கு தொடுத்தால், கோரிக்கை எவ்வளவு வலுவானதாக இருந்தாலும் அது நிற்காது.

ராஜஸ்தான் அரசுப் போக்குவரத்துக் கழக ஊழியர்கள் தொடர்பான வழக்கில் 1995-ஆம் ஆண்டு இந்த விதி மேலும் தெளிவுபடுத்தப்பட்டது. நிலையாணைகள் மீறப்பட்டதாகக் கூறும் தகராறுகளும் தொழிலாளர் சட்டத்தின் கீழ் வருபவையே என்று உச்ச நீதிமன்றம் கூறியது. அதேநேரம், விசாரணை நீதிமன்றங்களில் ஏற்கெனவே தீர்ப்பு பெற்று மேல்முறையீட்டில் இருந்த ஊழியர்களுக்கு இந்த விளக்கம் பொருந்தாது என்று அறிவித்து, அவர்களைப் பாதுகாத்தது. தொழிலாளர்கள் அரசின் பரிந்துரைக்காகக் காத்திராமல் தொழிலாளர் நீதிமன்றத்தை நேரடியாக அணுகச் சட்டம் இயற்றுமாறும் நாடாளுமன்றத்துக்கும் சட்டப்பேரவைகளுக்கும் அது பரிந்துரைத்தது. 2010-இல் செய்யப்பட்ட சட்டத் திருத்தம், பணிநீக்க வழக்குகளில் அந்த உரிமையை நாடு முழுவதற்கும் வழங்கியது.

உரிமையியல் நீதிமன்றத்தின் கதவு முழுவதுமாக மூடப்பட்டுவிட்டதாகவும் கருத இயலாது. அதே போக்குவரத்துக் கழகம் தொடர்பான மற்றொரு வழக்கில், இயற்கை நீதிக் கோட்பாடுகளோ அரசமைப்புச் சட்ட உரிமைகளோ மீறப்பட்டதாகக் கூறப்பட்டால் உரிமையியல் நீதிமன்றம் விசாரிக்கலாம் என்று 2009-இல் உச்ச நீதிமன்றம் தெரிவித்தது. கோரிக்கை மனுவில் எந்த உரிமை முன்வைக்கப்படுகிறது என்பதை இந்த இரு தீர்ப்புகளுக்கும் இடையில் நின்றுதான் நீதிமன்றங்கள் இன்றும் அளவிடுகின்றன.

வென்ற பிறகும் தோற்க நேரிடுமா?

நேரிடும். இமாச்சலப் பிரதேச மாநில மின்வாரிய ஊழியர் ஒருவரின் வழக்கு இதற்குச் சான்று. பணிநீக்கம் செய்யப்பட்ட அவர், தொழில் தகராறுகள் சட்டம் மீறப்பட்டதாகக் கூறி உரிமையியல் நீதிமன்றத்தில் வழக்கு தொடுத்து வெற்றியும் பெற்றார். தீர்ப்பின் பலன்களை நிறைவேற்றித் தரக் கோரிய கட்டத்தில், அந்த நீதிமன்றத்துக்கு அதிகாரமே இல்லை என்று வாரியம் ஆட்சேபம் எழுப்பியது. 2021 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் வாரியத்தின் வாதத்தை ஏற்றது. அதிகாரமற்ற நீதிமன்றம் வழங்கிய தீர்ப்பாணை சட்டத்தின் பார்வையில் செல்லாதது என்று அது கூறியது.

இந்தக் கோட்பாட்டின் வேர் 1954-ஆம் ஆண்டின் உச்ச நீதிமன்றத் தீர்ப்பு ஒன்றில் உள்ளது. பொருள் சார்ந்த அதிகாரம் இல்லாத நீதிமன்றம் அளிக்கும் தீர்ப்பு வெற்றுத்தாளுக்குச் சமம் என்பதும், அந்தக் குறையை எந்தக் கட்டத்திலும், தீர்ப்பை நிறைவேற்றும் கட்டத்திலும்கூடச் சுட்டிக்காட்டலாம் என்பதும் அதன் நிலைப்பாடு. இரு தரப்பும் சம்மதித்தாலும் இல்லாத அதிகாரத்தை நீதிமன்றத்துக்குத் தர இயலாது. நிறுவனம் தொடக்கத்தில் ஆட்சேபிக்காமல் இருந்துவிட்டால் பிழை சரியாகிவிடும் என்று ஊழியர் நம்பியிருக்க இயலாது.

எல்லை சார்ந்த வரம்பில் நிலைமை இவ்வளவு கடுமையானதல்ல. உரிமையியல் நடைமுறைச் சட்டத்தின் 21-ஆவது பிரிவின்படி, வழக்கு தவறான ஊரில் தொடுக்கப்பட்டது என்ற ஆட்சேபத்தைத் தொடக்கத்திலேயே எழுப்ப வேண்டும். அப்படி எழுப்பாமல் விட்டுவிட்டு, நீதி தவறியது என்றும் காட்டாமல், மேல்முறையீட்டில் அதைக் கிளப்புவதைச் சட்டம் அனுமதிப்பதில்லை.

எவர் ‘தொழிலாளி’?

தொழிலாளர் நீதிமன்றத்துக்குச் சென்றவர்களும் சில நேரங்களில் இதே காரணத்துக்காகத் திருப்பி அனுப்பப்படுகின்றனர். சம்பளம் பெறும் அனைவரும் சட்டத்தின் பார்வையில் ‘தொழிலாளி’ அல்லர் என்பதே இதற்குக் காரணம். முதன்மையாக நிர்வாகப் பணியில் இருப்போரும், குறிப்பிட்ட ஊதியத்துக்கு மேல் பெறும் மேற்பார்வையாளர்களும் இந்த வரையறைக்கு வெளியே நிற்கின்றனர். பழைய சட்டத்தில் மேற்பார்வையாளர்களுக்கான அந்த எல்லை மாதம் ரூ.10,000. புதிய தொழில் உறவுகள் சட்டத் தொகுப்பில் அது ரூ.18,000.

ஆசிரியர்கள் இதில் தனி வகை. கோவாவில் ஒரு தனியார் பள்ளியின் ஆசிரியை தொடுத்த வழக்கில், ஆசிரியப் பணியாற்றுவோர் தொழில் தகராறுகள் சட்டத்தின்கீழ் ‘தொழிலாளி’ ஆகமாட்டார்கள் என்று 1988-இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. கல்வி நிலையம் ஒரு ‘தொழில்’ என்ற வரையறைக்குள் வந்தாலும், அங்கு கற்பிப்பவர் அந்தச் சட்டத்தின் பாதுகாப்பைப் பெற இயலாத நிலை இதனால் ஏற்பட்டது.

பதவியின் பெயரை மட்டும் வைத்து முடிவு செய்யக் கூடாது என்பதும் உச்ச நீதிமன்றம் வகுத்த விதியே. சிபா கெய்கி மருந்து நிறுவன ஊழியர் ஒருவரின் வழக்கில், அவர் தொழிலாளி அல்லர் என்ற தொழிலாளர் நீதிமன்றத்தின் முடிவை 1985-இல் உச்ச நீதிமன்றம் ரத்து செய்தது. ஊழியர் செய்யும் வேலைகளில் முதன்மையானது எது என்பதே அளவுகோல், இடையிடையே செய்த மேற்பார்வைப் பணி அல்ல என்று அது விளக்கியது. ‘மேலாளர்’, ‘அதிகாரி’ என்ற பெயரில் எழுத்தர் வேலையோ தொழில்நுட்ப வேலையோ செய்வோருக்கு இந்த விளக்கம் இன்றும் துணை நிற்கிறது.

வரையறைக்குள் வராதவர்களுக்கு எஞ்சியிருப்பது பெரும்பாலும் உரிமையியல் நீதிமன்றமே. ஆனால் அங்கு கிடைக்கும் நிவாரணம் குறைவு. தனிநபர் சேவை ஒப்பந்தத்தைக் கட்டாயப்படுத்தி நிறைவேற்ற இயலாது என்பது பொது விதி. அரசமைப்புச் சட்டப் பாதுகாப்புள்ள அரசு ஊழியர், தொழிலாளர் சட்டத்தின்கீழ் வரும் தொழிலாளி, சட்டப்பூர்வ அமைப்பு தனக்கான சட்டத்தையே மீறிய நேர்வு ஆகிய மூன்று மட்டுமே இதற்கு விலக்கு என்று 1976-ஆம் ஆண்டின் உச்ச நீதிமன்றத் தீர்ப்பு கூறுகிறது. மற்றவர்கள் இழப்பீடு கோரலாம். பறிக்கப்பட்ட வேலையைத் திரும்பப் பெறுவது அரிது.

எந்த ஊரில் வழக்கு தொடுப்பது?

வேலை இழந்தவர் சொந்த ஊருக்கோ உறவினர் வசிக்கும் நகருக்கோ செல்வது இயல்பு. ஆனால் வழக்கு அவருடன் இடம்பெயர்வதில்லை. உத்தரப் பிரதேச மாநிலம் காசியாபாத்தில் ஓட்டுநராகப் பணியாற்றி, அங்கேயே பணிநீக்கம் செய்யப்பட்ட ஒருவர், பின்னர் டெல்லியில் குடியேறி, அங்கிருந்து நிறுவனத்துக்குக் கோரிக்கை அறிவிப்பு அனுப்பினார். டெல்லி தொழிலாளர் நீதிமன்றம் எல்லை வரம்பு இல்லை என்று அவரது கோரிக்கையை நிராகரித்தது. வேலை செய்ததும் பணிநீக்கம் நடந்ததும் காசியாபாத்தில் என்பதால் அங்குள்ள தொழிலாளர் நீதிமன்றத்துக்கே அதிகாரம் உண்டு என்று 2022 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம் உறுதி செய்தது. டெல்லிக்கும் காசியாபாத்துக்கும் இடையே சில கிலோமீட்டர் தொலைவுதான். ஆனால் இரண்டும் வெவ்வேறு மாநில எல்லைகளுக்குள் வருகின்றன.

பணி நியமனக் கடிதத்தில் உள்ள ஒரு வரியும் இதைத் தீர்மானிக்கலாம். எச்டிஎஃப்சி வங்கியின் ஊழியர்கள் இருவர் தங்கள் பணிநீக்கத்தை எதிர்த்து முறையே பாட்னாவிலும் டெல்லியிலும் வழக்கு தொடுத்தனர். தகராறு எழுந்தால் மும்பை நீதிமன்றங்களையே அணுக வேண்டும் என்ற நிபந்தனை அவர்களின் நியமன ஆவணங்களில் இருந்தது. இந்த நிபந்தனை செல்லும் என்று 2025 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. நீதிமன்றத்தை அணுகும் உரிமையையே பறிக்காமல், சட்டப்படி அதிகாரமுள்ள நீதிமன்றங்களில் ஒன்றை மட்டும் தேர்ந்தெடுக்கும் நிபந்தனை ஒப்பந்தச் சட்டத்துக்கு முரணானதல்ல என்பது அதன் விளக்கம். அதிகாரமே இல்லாத நீதிமன்றத்துக்கு ஒப்பந்தத்தின் வழியாக அதிகாரத்தை உருவாக்கவும் இயலாது. நியமனக் கடிதத்தில் கையொப்பமிடும் நாளில் எவரும் கவனிக்காத ஒரு வரி, பல ஆண்டுகள் கழித்து ஊழியரைப் பல நூறு கிலோமீட்டர் பயணிக்க வைக்கக்கூடும் என்பதை இத்தீர்ப்பு காட்டுகிறது.

அரசு ஊழியருக்கு எது வழி?

மத்திய அரசு ஊழியர்களின் பணி சார்ந்த குறைகளுக்கென 1985-ஆம் ஆண்டின் நிர்வாகத் தீர்ப்பாயங்கள் சட்டத்தின்கீழ் மத்திய நிர்வாகத் தீர்ப்பாயம் செயல்படுகிறது. 1997-இல் ஏழு நீதிபதிகள் கொண்ட உச்ச நீதிமன்ற அமர்வு எல்.சந்திரகுமார் வழக்கில் அளித்த தீர்ப்பின்படி, தீர்ப்பாயத்தின் முடிவுகளை உயர் நீதிமன்றத்தின் இரு நீதிபதிகள் அமர்வு பரிசீலிக்கலாம். ஆனால் தீர்ப்பாயத்தைத் தாண்டி நேராக உயர் நீதிமன்றத்துக்குச் செல்ல இயலாது. மகாராஷ்டிரம், கர்நாடகம், கேரளம், மேற்கு வங்கம் உள்ளிட்ட சில மாநிலங்கள் தங்கள் ஊழியர்களுக்கென மாநில நிர்வாகத் தீர்ப்பாயங்களை அமைத்துள்ளன. அத்தகைய தீர்ப்பாயம் இல்லாத மாநிலங்களில் அரசு ஊழியர்கள் உயர் நீதிமன்றத்தை அணுகுகின்றனர்.

தீர்ப்பாயத்தின் கதவு நீண்ட காலம் திறந்திருப்பதில்லை. துறையின் இறுதி ஆணை வந்த நாளிலிருந்து ஓராண்டுக்குள் மனு தாக்கல் செய்ய வேண்டும். மேல்முறையீட்டு மனுவுக்குத் துறை ஆறு மாதம் வரை பதில் அளிக்காவிட்டால், அந்த ஆறு மாதம் முடிந்த பின் ஓராண்டு அவகாசம் உண்டு. துறைக்குள் இருக்கும் முறையீட்டு வழிகளைப் பொதுவாக முதலில் பயன்படுத்தியிருக்கவும் வேண்டும்.

தனியார் ஊழியர்கள் உயர் நீதிமன்றத்தில் ரிட் மனு தாக்கல் செய்வது பெரும்பாலும் பலன் தருவதில்லை. அரசமைப்புச் சட்டத்தின் 226-ஆவது பிரிவின்கீழ் பொதுக் கடமை ஆற்றும் தனியார் அமைப்புக்கும் உயர் நீதிமன்றம் ஆணையிட முடியும். ஆனால் வழக்கில் உள்ள செயல் அந்தப் பொதுக் கடமையோடு தொடர்புடையதாக இருக்க வேண்டும். அரசு உதவி பெறாத தனியார் பள்ளி ஒன்றின் ஆசிரியரல்லாத ஊழியரின் வழக்கில், கல்வி வழங்குவது பொதுக் கடமையாக இருந்தாலும், சாதாரணப் பணி ஒப்பந்தத்திலிருந்து எழும் தகராறு ரிட் அதிகாரத்துக்குள் வராது என்று 2022 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றம் கூறியது. ஏர் இந்தியா ஊழியர்கள் எதிர்கொண்டதும் இதே சுவர்தான். மனு தாக்கலான நாளில் எதிரே இருந்தது அரசு நிறுவனம். தீர்ப்பு வந்த நாளில் இருந்தது தனியார் நிறுவனம்.

ஒரே கணக்கு, வெவ்வேறு மன்றங்கள்

வேலையிலிருந்து விலகும் ஒருவருக்கு நிலுவைச் சம்பளம், பணிக்கொடை, இழப்பீடு ஆகியவை ஒரே நிறுவனத்திடமிருந்து வர வேண்டியிருக்கலாம். இவற்றை ஒரே மனுவில் கோர இயலாமல் போவதும் உண்டு. பணிக்கொடைக்கென 1972-ஆம் ஆண்டின் சட்டம் தனி அதிகாரியையும் தனி மேல்முறையீட்டையும் ஏற்படுத்தியிருந்ததால், அத்தொகையைத் தொழிலாளர் நீதிமன்றத்தில் கோர இயலாது என்று பஞ்சாப் அரசு தொடர்பான வழக்கில் 1979-இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது.

தொழில் தகராறுகள் சட்டத்தின் 33சி(2) பிரிவின்கீழ் நிலுவைத் தொகையைக் கணக்கிட்டுத் தரக் கோரும் மனுக்களும் அடிக்கடி தள்ளுபடியாகின. ஏற்கெனவே நிலைநாட்டப்பட்ட உரிமையைப் பணமாகக் கணக்கிடுவதே அப்பிரிவின் பணி. உரிமை உண்டா இல்லையா என்பதே சர்ச்சையாக இருந்தால், முதலில் அதைத் தொழில் தகராறாக எழுப்பித் தீர்வு பெற வேண்டும். டெல்லி மாநகராட்சியின் தினக்கூலி ஊழியர்கள் நிரந்தர ஊழியருக்கு நிகரான ஊதியம் கோரிய வழக்கில் இவ்வாறு வகுக்கப்பட்ட விதியை, 2022-இல் மற்றொரு வழக்கிலும் உச்ச நீதிமன்றம் மீண்டும் உறுதி செய்தது.

இழந்த காலம் திரும்பக் கிடைக்குமா?

ஓரளவு கிடைக்கும். 1963-ஆம் ஆண்டின் காலவரம்புச் சட்டத்தின் 14-ஆவது பிரிவு இதற்கான பாதுகாப்பை வழங்குகிறது. அதிகாரமற்ற நீதிமன்றத்தில் நல்லெண்ணத்துடனும் உரிய அக்கறையுடனும் வழக்கு நடத்தியவருக்கு, அங்கு கழிந்த காலம் புதிய வழக்கின் காலக்கெடுவைக் கணக்கிடும்போது விலக்கப்படும். இரு வழக்குகளிலும் தரப்பினரும் பிரச்சினையும் ஒன்றாக இருக்க வேண்டும். முதல் வழக்கு தோற்றது அதிகார வரம்பின்மை அல்லது அதைப் போன்ற குறையால் மட்டுமே என்றும் இருக்க வேண்டும்.

இந்தப் பிரிவு நீதிமன்றங்களைக் கருத்தில் கொண்டு எழுதப்பட்டது. தீர்ப்பாயங்கள் போன்ற அமைப்புகளுக்கும் இதன் கோட்பாடு பொருந்தும் என்று 2015-இல் உச்ச நீதிமன்றம் விளக்கியது. ஏர் இந்தியா வழக்கிலும், ஊழியர்கள் உரிய மன்றத்தை அணுகினால் 14-ஆவது பிரிவு அவர்களுக்குத் துணை நிற்கும் என்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பிலேயே குறிப்பிட்டது. உரிமை அழிந்துவிடாமல் காத்தது இந்த ஒரு வாக்கியமே.

ஆனால் இந்தப் பாதுகாப்பு தானாகக் கிடைப்பதில்லை. முதல் நீதிமன்றமே அதிகாரம் இல்லை என்று தெளிவாகச் சுட்டிக்காட்டிய பிறகும் அங்கேயே பிடிவாதமாக வழக்கு நடத்தியவர் நல்லெண்ணத்தை நிரூபிப்பது கடினம். முதல் மனுவையே காலம் கடந்து தாக்கல் செய்தவருக்கும் இது உதவாது. மேலும், சட்டம் திருப்பித் தருவது காலக்கெடுவை மட்டுமே. வருமானமின்றிக் கழிந்த ஆண்டுகளும், வழக்குச் செலவும், இடைப்பட்ட காலத்தில் கலைந்துபோன சாட்சிகளும் ஆவணங்களும் திரும்புவதில்லை.

தள்ளுபடிக்கும் ‘திருப்பி அளித்தலுக்கும்’ உள்ள வேறுபாடும் இங்கு முக்கியம். சரியான நீதிமன்றத்தில் தாக்கல் செய்யும் பொருட்டு வழக்கு மனுவைத் திருப்பி அளிக்க உரிமையியல் நடைமுறைச் சட்டத்தின் 7-ஆவது கட்டளையின் 10-ஆவது விதி இடமளிக்கிறது. சட்டத்தால் தடை செய்யப்பட்ட வழக்கை நிராகரிக்க அதே கட்டளையின் 11-ஆவது விதி வகை செய்கிறது.

புதிய சட்டத் தொகுப்பில் என்ன மாற்றம்?

2020-ஆம் ஆண்டின் தொழில் உறவுகள் சட்டத் தொகுப்பு, 2025 நவம்பர் 21 முதல் நடைமுறைக்கு வந்துள்ளது. தொழில் தகராறுகள் சட்டம், தொழிற்சங்கங்கள் சட்டம், நிலையாணைகள் சட்டம் ஆகிய மூன்றின் இடத்தையும் இது பிடித்துள்ளது. தொழிலாளர் நீதிமன்றம் என்ற தனி அமைப்பு இதில் இல்லை. நீதித்துறை உறுப்பினர் ஒருவரும் நிர்வாக உறுப்பினர் ஒருவரும் இடம்பெறும் தொழில் தீர்ப்பாயமே தகராறுகளை விசாரிக்கும். புதிய தீர்ப்பாயங்கள் அமையும் வரை, ஏற்கெனவே உள்ள தொழிலாளர் நீதிமன்றங்களும் தீர்ப்பாயங்களும் தொடர வழிசெய்யப்பட்டுள்ளது.

ஊழியர்கள் கவனிக்க வேண்டிய மாற்றங்கள் இரண்டு. முதலாவது, உரிமையியல் நீதிமன்றங்களுக்கு இதுவரை ‘மறைமுகமாக’ இருந்த தடை, புதிய தொகுப்பில் வெளிப்படையாகவே எழுதப்பட்டுள்ளது. தொகுப்பின் விதிகள் பொருந்தும் விவகாரங்களில் உரிமையியல் நீதிமன்றத்துக்கு அதிகாரம் கிடையாது. இரண்டாவது, காலம் சுருங்கியுள்ளது. பணிநீக்கம் செய்யப்பட்டவர் நேரடியாகத் தொழிலாளர் நீதிமன்றத்தை அணுகப் பழைய சட்டம் மூன்று ஆண்டுகள் அவகாசம் அளித்தது. தகராறு எழுந்து இரண்டு ஆண்டுகள் கடந்தபின் சமரச அலுவலர் அதை விசாரிக்கக் கூடாது என்கிறது புதிய தொகுப்பு. சமரசம் தோல்வியுற்றால், அது குறித்த அறிக்கை கிடைத்த 90 நாட்களுக்குள் தீர்ப்பாயத்தில் விண்ணப்பிக்க வேண்டும். அவகாசம் குறையும்போது, தவறான மன்றத்தில் தொடங்குவதற்கான விலையும் உயர்கிறது.

வழக்கு தொடுக்கும் முன் கவனிக்க வேண்டியவை

கோரும் உரிமை எங்கிருந்து பிறந்தது என்பதே முதல் கேள்வி. தொழிலாளர் சட்டம், பணி ஒப்பந்தம், அரசுப் பணி விதிகள் ஆகியவற்றுள் எது என்பதைப் பொறுத்தே மன்றம் மாறும். அடுத்ததாக, பதவிப் பெயரை ஒதுக்கிவைத்துவிட்டு, உண்மையில் செய்த வேலை என்ன என்பதைப் பார்க்க வேண்டும். பணிப் பட்டியல், மின்னஞ்சல், வருகைப் பதிவு போன்றவை இதற்குச் சான்றாகும்.

நிறுவனத்துக்கு உரிய அரசு மத்திய அரசா, மாநில அரசா என்பதையும் அறிய வேண்டும். ரயில்வே, சுரங்கம், பெரிய துறைமுகம் போன்ற துறைகளின் தொழில் தகராறுகளுக்கு மத்திய அரசின் சமரச அலுவலரும் மத்திய அரசுத் தொழில் தீர்ப்பாயமுமே உரியவர்கள். பெரும்பாலான தனியார் தொழிற்சாலைகள் மாநில அரசின் வரம்புக்குள் வருகின்றன. நியமனக் கடிதத்தில் குறிப்பிட்ட நகரின் நீதிமன்றம் பற்றிய நிபந்தனை உள்ளதா என்பதையும் பார்ப்பது அவசியம்.

வழக்கு ஏற்கெனவே அதிகார வரம்பின்றித் தள்ளுபடியாகியிருந்தால், தீர்ப்பின் இறுதிப் பத்தியே முக்கியமானது. உரிய மன்றத்தை அணுகும் உரிமை அதில் காக்கப்பட்டிருந்தால் அடுத்த கட்டம் எளிதாகும். தள்ளுபடி ஆணையின் சான்றிட்ட நகல், முதல் மனுவைத் தாக்கல் செய்த நாள், ஆணை வந்த நாள் ஆகியவை 14-ஆவது பிரிவின் பலனைப் பெறத் தேவைப்படும். ஆணைக்கும் புதிய மனுவுக்கும் இடையே விளக்கமின்றிக் கழியும் ஒவ்வொரு வாரமும் ஊழியரின் கணக்கிலேயே சேரும்.

வேலை பறிபோன அன்று, நியாயம் யார் பக்கம் என்ற கேள்விதான் ஊழியரின் மனத்தில் முதலில் எழும். நீதிமன்றம் முதலில் கேட்கும் கேள்வியோ, இதை விசாரிக்கும் அதிகாரம் தனக்கு உண்டா என்பது. இரண்டாவது கேள்விக்கு ‘ஆம்’ என்ற விடை கிடைத்த பிறகே முதல் கேள்வி விசாரணைக்கு வரும்.